பினாங்கில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்: எந்த முகவரிடம் போவது?

பாயான் லெப்பாஸில் வசிக்கும் ஒரு தங்கை எழுதிக் கேட்டிருக்கிறார். கணவருக்கும் இவருக்கும் தொழிற்சாலை வேலை, இவருக்கு மாறி மாறி ஷிப்ட். வீட்டில் பதினான்கு மாதக் கைக்குழந்தை, ஒன்றாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் மகள், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் தடி ஊன்றி நடக்கும் மாமியார். ஜெர்மனியில் இருக்கும் தோழி வீட்டில் 'ஓ பேர்' பெண் ஒருவர் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாராம். அப்படி ஒருவரைப் பினாங்கிலும் முகவர் மூலம் எடுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் அவசரமானது. இரண்டு முகவர்களிடம் விசாரித்திருக்கிறார். ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து தமிழ் பேசும் 24 வயதுப் பெண்ணை இரண்டே வாரத்தில் கொண்டுவந்து விடுவதாகவும் மொத்தச் செலவு 9,000 ரிங்கிட்தான் என்றும் சொல்கிறார். அவரிடம் 500 ரிங்கிட் முன்பணமும் கொடுத்தாயிற்று. இன்னொருவர் இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு 18,000 ரிங்கிட் ஆகும், மூன்று மாதத்துக்குக் குறையாது என்கிறார். யாரிடம் போவது?

ஆள் எடுக்கும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், வேலைக்கு வந்த பெண்களின் குறைகளைக் கேட்டு உரிய இடத்துக்குக் கொண்டுபோவதும் என் நெடுநாள் பணி. இரண்டு பக்கத்தையும் கேட்டுப் பழகியவள் என்பதால் சொல்கிறேன். முகவரை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு அனுப்பப்போகும் பெண்ணைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது, அவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். விலையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஓ பேர் பற்றி. ஐரோப்பாவில் இது பண்பாட்டுப் பரிமாற்றமாகக் கருதப்படுகிறது. ஜெர்மனியில் 27 வயது நிறையாத வெளிநாட்டு இளையோர் அதிகபட்சம் ஓராண்டு ஒரு குடும்பத்துடன் தங்கி, வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேற்படாமல் குழந்தையைப் பார்த்து, மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம் பெற்று, ஜெர்மன் மொழி கற்பார்கள். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் வரும் ஓ பேர் 18 முதல் 26 வயதுக்குள் இருக்க வேண்டும், வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை செய்யலாம். மலேசியாவில் இதற்கென்று ஒரு பெர்மிட் கிடையாது. யாராவது ஓர் ஐரோப்பிய மாணவியைச் சுற்றுப்பயண அனுமதியில் வரவழைத்து உங்கள் வீட்டில் தங்கவைப்பதாகச் சொன்னால், சட்டத்தின் பார்வையில் அவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்பவர். தோழியின் அனுபவத்தை ஜெர்மனியிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: வேலை நேரம், ஓய்வு நாள், தனி அறை எல்லாவற்றையும் ஆள் வருவதற்கு முன்பே எழுத்தில் வைக்கும் பழக்கம்.

இனி அந்த இரண்டு வார முகவர். இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து 30 நாள் தங்கலாம் என்ற சலுகை இருக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கானது. இரண்டு வாரத்தில் ஒரு பணிப்பெண்ணைக் கொண்டுவர வேறு எந்த வழியும் எனக்குத் தெரிந்து இல்லை. முறைப்படி என்றால், முதலில் உங்கள் பெயரில் குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் கிடைக்க வேண்டும், அந்த ஒப்புதலைக் காட்டி அங்கே விசா எடுக்க வேண்டும், அங்கே மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும், இங்கே வந்த பிறகு ஃபொமேமா என்னும் வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், அதன் பிறகே பெர்மிட். இத்தனையும் இரண்டு வாரத்துக்குள் அடங்காது.

இந்தியப் பெண்ணை இல்லப் பணிக்கு எடுக்கவே கூடாதா என்றால், எடுக்கலாம். குடிநுழைவுத் துறை அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, கம்போடியா ஆகியவற்றுடன் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. பணிப்பெண்ணின் வயது 21க்கும் 45க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இந்தியா தன் பக்கத்தில் வேறு வேலி போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடப்பிதழில் குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். அந்தக் கடப்பிதழோடு வேலைக்குச் செல்லக் கூடுதல் அனுமதி கேட்கும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அப்படிப்பட்ட பெண்கள் இல்லப் பணிக்கு வர 30 வயது நிறைந்திருக்க வேண்டும், அரசு சார்ந்த முகமை வழியாகவே வர வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகைய ஒன்று. இலங்கையிலிருந்து என்றால் அந்நாட்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இருக்க வேண்டும். உங்களிடம் காட்டப்பட்ட 24 வயதுப் பெண் எந்தக் கதவு வழியாக வருகிறார் என்று முகவரிடம் கேளுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது பதில் ஆகாது.

நம்மவர்கள் இதில் எளிதாக விழுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தையிடம் தமிழ் பேசுவார், ரசம் வைக்கத் தெரியும், மாமியாருக்குப் பேச்சுத் துணையாக இருப்பார் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசையைத்தான் முகவர் விற்கிறார். வந்து சேரும் பெண்ணோ நாகப்பட்டினத்திலோ ராமநாதபுரத்திலோ நகையை அடகு வைத்து, தரகருக்குப் பணம் கட்டி, 30 நாள் முத்திரையோடு விமான நிலையத்தில் நிற்பார். முப்பத்தோராம் நாள் அவர் சட்டத்துக்குப் புறம்பானவராகிவிடுவார். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போகப் பயப்படுவார், ஊரில் தாய் இறந்தாலும் போக முடியாது. உங்கள் பக்கமும் லேசானதல்ல. குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முகவர் சொன்னார் என்பது அங்கே எடுபடாது.

இப்போது உரிமம். பணிப்பெண்களைக் கொண்டுவரும் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதில் ஏ, பி, சி என மூன்று வகை உரிமங்கள் உண்டு. வெளிநாட்டுப் பணிப்பெண்களை இங்கே கொண்டுவர சி வகை வேண்டும். நிறுவனப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்து அதையே உரிமம் என்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பதிவு வேறு, இந்த உரிமம் வேறு. உரிமத்தில் உள்ள பெயர், அறிவிப்புப் பலகையில் உள்ள பெயர், ரசீதில் உள்ள பெயர், நீங்கள் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயர், இந்த நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பணத்தைத் தனி நபர் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலைத் தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறை தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அதில் தேடுவதற்குப் பத்து நிமிடம் போதும். உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்பவருக்கு 2018 முதல் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. அப்படியும் கைப்பேசி ஒன்றையும் முகநூல் பக்கம் ஒன்றையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர்கள் குறையவில்லை.

உரிமம் இருப்பதாலேயே நல்ல முகவர் என்று ஆகிவிடாது. உரிமம் வாசற்படிதான், அதைத் தாண்டிய பிறகே உண்மையான விசாரணை தொடங்குகிறது.

இரண்டாவது முகவர் கேட்கும் 18,000 ரிங்கிட்டை எடுத்துக்கொள்வோம். மலேசியாவும் இந்தோனேசியாவும் 2022 ஏப்ரல் 1 அன்று ஜகார்த்தாவில் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 1,500 ரிங்கிட். ஆள் எடுக்கும் செலவுக்கு அப்போது சுமார் 15,000 ரிங்கிட் வரம்பும் பேசப்பட்டது. 18,000 அதைவிட அதிகம்தான். அதற்காகவே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் அந்தத் தொகையை இனம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். விமானச் சீட்டு எவ்வளவு, அங்குள்ள முகவருக்கு எவ்வளவு, பயிற்சிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் எவ்வளவு, விசா, லெவி (வெளிநாட்டுப் பணியாளருக்காக அரசுக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணம்), ஃபொமேமா எவ்வளவு, முகவரின் சேவைக் கட்டணம் எவ்வளவு. முதல் பணிப்பெண்ணுக்கு ஆண்டு லெவி 410 ரிங்கிட். அரசுக்குக் கட்டும் தொகைகள் எல்லாம் வெளிப்படையானவை, யாரும் சரிபார்க்கலாம். பெரும் பகுதி எங்கே போகிறது என்பதைத்தான் முகவர் சொல்ல வேண்டும். நேர்மையானவர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்.

அந்தத் தாளைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: "இதற்கு மேல் அந்தப் பெண் ஏதாவது கட்டியிருக்கிறாரா? அவர் சம்பளத்திலிருந்து ஏதாவது பிடிக்கச் சொல்வீர்களா?" இந்தோனேசியாவின் 2020ஆம் ஆண்டு விதிமுறை, இல்லப் பணிக்குச் செல்பவர்களிடம் வேலைக்கு அனுப்பும் செலவை வசூலிக்கக் கூடாது என்கிறது. பிலிப்பைன்ஸ் 2006 முதலே அப்படித்தான். ஆனாலும் "முதல் ஆறு மாதம் சம்பளத்தை எங்களிடம் கட்டிவிடுங்கள், அவளுடைய கடன்" என்று சொல்லும் முகவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் தொகை குறைவாகத் தெரியும். காரணம், மீதியை அந்தப் பெண்ணின் உழைப்பிலிருந்து எடுக்கிறார்கள். ஆறு மாதம் கையில் காசு பார்க்காத தாய், ஊரில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்வார்? அப்படி வந்தவர்கள் நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் யாரோ வேறு வேலை இருப்பதாகச் சொன்னதை நம்பி இரவோடு இரவாகப் போய்விடுகிறார்கள். நன்றி கெட்டவள் என்று குடும்பத்தார் குமுறுகிறார்கள். அவர் போவதற்கான காரணம் முகவர் அலுவலகத்தில் ஒப்பந்தம் எழுதிய அன்றே உருவாகிவிட்டது.

கடப்பிதழைப் பற்றி முகவர் என்ன சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். "பாஸ்போர்ட்டை வாங்கி நீங்களே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசி கொடுக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வெளியே விடாதீர்கள், கெட்டுப் போவாள்." இந்த மூன்று அறிவுரையும் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அவரிடம் ஆள் எடுக்காதீர்கள். பிறருடைய கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், மிரட்டியோ அடைத்துவைத்தோ ஏமாற்றியோ வேலை வாங்குவதைக் கட்டாய உழைப்பு என்று தனிக் குற்றமாக்கி, ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் விதித்திருக்கிறது. கடப்பிதழ் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் அவர் அறையில் பூட்டுள்ள பெட்டி ஒன்று வையுங்கள், சாவி அவரிடம் இருக்கட்டும்.

பினாங்கு மக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் அடெலினா லிசாவ் என்ற இந்தோனேசியப் பெண் ஒரு வீட்டு முன்திண்ணையிலிருந்து உடல் முழுக்கப் புண்களோடு மீட்கப்பட்டு, மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சொன்ன பிறகுதான் உதவி வந்தது. பின்னர் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார், 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஒரு பெண்ணுக்கு வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் போனால் என்ன நடக்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கும்போது, "கைப்பேசி கொடுக்காதீர்கள்" என்று சொல்லும் முகவரிடம் நாம் பொறுமையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் குழந்தையின் பாதுகாப்புக்கும் அதே கைப்பேசிதான் தேவை. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தால் அவர் எப்படி உங்களை அழைப்பார்?

அடுத்தது நேர்காணல். பயோடேட்டாவில் எல்லாரும் சமைப்பார்கள், எல்லாருக்கும் குழந்தைகளைப் பிடிக்கும், எல்லாரும் சிரித்த முகத்தோடு வெள்ளைச் சட்டையில் நிற்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டுக் காணொளி அழைப்பில் அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். முகவரின் ஆள் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். நம் மலாய் அவருக்குப் பெரும்பாலும் புரியும். "சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொன்னார்கள்?" இதுதான் என் முதல் கேள்வி. அவர் சொல்லும் தொகையும் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தொகையும் வேறாக இருந்தால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். அடுத்து, "எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னார்களா?" பல நேரம் கைக்குழந்தை இருப்பதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், இப்போது யாரிடம் இருக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை அவர்களோடு பேச விரும்புவார். தொழுகைக்கு நேரம் வேண்டுமா, உங்கள் சமையலறையில் எதைத் தொட மாட்டார், வீட்டில் நாய் இருந்தால் அதோடு இருக்க முடியுமா. மாமியாரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றிக் கேட்கும்போது "பிடிக்குமா" என்று கேட்காதீர்கள். "பதினான்கு மாதக் குழந்தை தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு விடத் திணறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் குறையாக எடுக்க வேண்டாம், வந்த பிறகு முதலுதவி கற்றுக்கொடுக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம் குழந்தையை நம்பி விடலாம்.

நேர்காணல் முழுவதும் உங்களைப் போலவே அவரும் கேள்வி கேட்கலாம் என்று சொல்லுங்கள். முகவர் அதற்கு இடம் கொடுக்கிறாரா, குறுக்கே விழுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, நடமாடத் துணை வேண்டிய மாமியார், ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வரும் நீங்கள், இவ்வளவையும் ஒரே பெண்ணின் தலையில் வைத்தால் யார் வந்தாலும் நீடிக்க மாட்டார். "எல்லாம் செய்வாள்" என்று சொல்லும் முகவர் உங்களிடம் பொய் சொல்கிறார். "இது ஒருவருக்கு அதிகம், எதை முதன்மையாக வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்பவர் நல்ல முகவர். பகலில் குழந்தையைப் பதிவு பெற்ற தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) விட்டு, வீட்டில் மாமியாரையும் மாலையில் பிள்ளைகளையும் பார்க்க ஆள் வைக்கலாம். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் இடம் சமூகநலத் துறையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கும் உண்டு. உங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடும் ஓர் அக்கா இருந்தால், தமிழ் பேசும் ஆள் என்ற ஆசையும் நிறைவேறும், பெர்மிட் கவலையும் இல்லை. உள்நாட்டவர் என்றாலும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இல்லப் பணியாளர்களுக்கு அது கட்டாயம்.

சாப்பாட்டுக் கடையோ கேட்டரிங்கோ நடத்தும் உறவினர்கள் இருந்தால் இதையும் மனத்தில் வையுங்கள். பெர்மிட் உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சமைக்க மச்சான் கடைக்கு இரண்டு நாள் அனுப்புவது நமக்குக் குடும்ப உதவியாகத் தெரியும், குடிநுழைவுத் துறைக்குப் பெர்மிட் நிபந்தனை மீறலாகத் தெரியும்.

ஒப்பந்தத்தில் நான் நேராகப் புரட்டிப் பார்ப்பது மாற்று ஆள் பற்றிய பகுதியை. பெரும்பாலான முகவர்கள் முதல் சில மாதங்களுக்குள் சரிவரவில்லை என்றால் ஒரு முறை வேறு ஆள் தருவதாக எழுதுவார்கள். எத்தனை மாதம், எந்தக் காரணங்களுக்கு, புது லெவி யார் கட்டுவது, மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், வரவில்லை என்றால் பணம் எவ்வளவு திரும்பும், இவை எழுத்தில் இருக்க வேண்டும். அவர் தானாகப் போய்விட்டால் என்ன, நோய்வாய்ப்பட்டால் என்ன, ஃபொமேமாவில் தேறாவிட்டால் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். இத்துடன் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை: "நாங்கள் திருப்பி அனுப்பும் பெண் மறு ஏற்பாடு ஆகும்வரை எங்கே தங்குவார், யார் சாப்பாடு போடுவார், அதற்கு அவர் கணக்கில் கடன் எழுதுவீர்களா?" தங்குமிடத்தைக் காட்டத் தயாராக இருக்கும் முகவரை நான் மதிக்கிறேன். உங்களுக்குச் சிக்கல் வரும் நாளில் தொலைபேசியை எடுக்கப்போவதும் அவர்தான்.

சம்பளத் தேதி, வாராந்திர ஓய்வு நாள், இரவில் எத்தனை மணிக்கு வேலை முடியும், எங்கே தூங்குவார் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் ஓய்வு நாள், வேலை நேரம், பொது விடுமுறைப் பிரிவுகள் இல்லப் பணியாளர்களுக்குப் பொருந்தா. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளமும் பொருந்தாது. சட்டம் கொடுக்காததை ஒப்பந்தம்தான் கொடுக்க முடியும். இந்தோனேசியப் பெண் என்றால் ஒப்பந்தம் ஜாலான் பர்மாவில் உள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தின் பார்வைக்குப் போகும். உங்களிடம் ஒரு தொகையும் தூதரகத்திடம் வேறு தொகையும் காட்டும் இரட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் வந்த பிறகு செய்ய வேண்டியவை குறைவுதான். ஒரு மாதத்துக்குள் ஃபொமேமா, 30 நாளுக்குள் தொழிலாளர் துறைக்கு அறிவிப்பு, சொக்சோ பதிவு, அவர் பெயரில் வங்கிக் கணக்கு. முகவர் இவற்றைத் தானே நினைவூட்டுவார் என்றால் நல்லது. முகவரே வேண்டாம் என்றாலும் 2018 முதல் குடிநுழைவுத் துறையின் இணையவழியில் நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆளை முன்பே தெரிந்தவர்களுக்கு அது மலிவு. இந்தோனேசியாவோ தன் குடிமக்கள் இரு நாடும் ஒப்புக்கொண்ட ஒரே வழியில் மட்டுமே வர வேண்டும் என்று வலியுறுத்தி, அந்த இணையவழி தொடர்பான மனக்கசப்பில் 2022 ஜூலையில் ஆள் அனுப்புவதையே சில வாரம் நிறுத்தி வைத்தது. கைக்குழந்தையோடும் ஷிப்ட்டோடும் நீங்கள் அந்த அலைச்சலில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆகவே, இரண்டாவது முகவரிடம் திரும்பப் போய் மேலே சொன்னவற்றைக் கேளுங்கள். சி உரிமம் இருந்து, 18,000க்கும் கணக்குக் காட்டி, அந்தப் பெண்ணோடு தனியாகப் பேச விட்டால் மூன்று மாதம் காத்திருக்கலாம். இல்லையென்றால் பட்டியலிலிருந்து வேறு இரண்டு பேரைப் பாருங்கள். அதுவரை குழந்தைக்குத் தாஸ்கா.

முதல் முகவரிடம் கொடுத்த 500 ரிங்கிட்டை விட்டுவிட வேண்டாம். சேவை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று தேதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். உங்கள் அடையாளக் கார்டின் நகலையும் சம்பளச் சீட்டையும் கொடுத்திருந்தால் அவற்றையும் திருப்பிக் கேளுங்கள், உங்கள் பெயரில் வேறு எந்த விண்ணப்பமும் போகக் கூடாது. பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். அந்த முகவருக்கு உரிமம் இல்லை என்று தெரிந்தால் தொழிலாளர் துறைக்கும் ஒரு புகார் கொடுங்கள். அந்த 24 வயதுப் பெண் இன்னும் விமானம் ஏறியிருக்க மாட்டார்.